ஸ்டாக்ஹோமில் நாடக அரங்கின் மூலையில் நிற்கும் அந்தச் சிலை ஏன் சூடாக இருக்கிறது?

பனிக்காலத்து அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் ஸ்டாக்ஹோம் வந்து நான்கு மாதம்தான் ஆகிறது, இதுதான் எங்கள் முதல் குளிர்காலம், அதனால் இங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தைக் கேட்கிறேன் என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன சனிக்கிழமை நானும் ஆறு வயது மகனும் நீப்ரூப்லானில் டிராமை விட்டு இறங்கி அவன் அப்பாவுக்காகக் காத்திருந்தோம். அங்கே வெள்ளைப் பளிங்கில் ஒரு பெரிய நாடக அரங்கு இருக்கிறதே, டிராமாட்டென், அதன் ஓரத்தில் நின்றோம். மைனஸ் 8 டிகிரி. இறங்கிய பிறகுதான் பார்க்கிறேன், பையன் வலதுகைக் கையுறையை டிராமிலேயே விட்டுவிட்டான். கை சிவந்துபோய் அழ ஆரம்பித்துவிட்டான். என் கையுறையைக் கழற்றி அவனுக்கு மாட்டிக்கொண்டிருக்கும்போது, மூலையில் ஒரு பெண்மணி நிற்கிறார் என்று நினைத்து ஓரமாக வழிவிட்டேன். அவர் நகரவே இல்லை. திரும்பிப் பார்த்தால் வெண்கலச் சிலை! பீடம் கிடையாது, கம்பி வேலி கிடையாது, நம்மோடு சேர்ந்து நடைபாதையிலேயே நிற்கிறது.

இதற்கிடையில் பையன் போய் அதன் மேல் கையை வைத்துவிட்டான். இந்தக் குளிரில் உலோகத்தைத் தொடுகிறானே என்று பதறி இழுக்கப் போனால் அவன் கையை எடுக்கவே மாட்டேன் என்கிறான். "அம்மா, இந்தப் பாட்டிக்குக் காய்ச்சல் அடிக்குது" என்றான். நானும் தொட்டுப் பார்த்தேன். நிஜமாகவே சூடு. வெயில் பட்ட சூடு என்று சொல்லவும் வழியில்லை, மணி மாலை 4, இருட்டியே விட்டது. ஒரு ஆள் உடம்பைத் தொட்டால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. அவன் அப்பா வரும் வரை, ஒரு இருபது நிமிடம் இருக்கும், இரண்டு பேரும் அதைக் கட்டிக்கொண்டே நின்றோம்.

என் கேள்விகள்: இந்த அம்மா யார்? எதற்காகச் சூடாக வைத்திருக்கிறார்கள்? குழந்தைகள் தொடலாமா, ஆபத்து ஒன்றும் இல்லையே? இது மாதிரி குழந்தைகள் ரசிக்கிற சின்னச் சின்னச் சிலைகள் இந்த ஊரில் வேறு எங்காவது இருந்தாலும் சொல்லுங்கள். அன்று முதல் தினமும் "காய்ச்சல் பாட்டி எப்படி இருக்காங்க" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான்.

---

ஓடெங்கத்தான் வாசி:

உங்கள் மகன் சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறான், ஆனால் காய்ச்சல் இல்லை என்று அவனிடம் சொல்லிவிடுங்கள். அந்தச் சிலையின் சூடு 37 டிகிரி. உயிருள்ள மனிதரின் உடல் சூடு எவ்வளவோ அவ்வளவு. வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள்.

அவர் பெயர் மார்கரீத்தா க்ரூக். நடிகை. 1925-ல் பிறந்தவர், 2001-ல் காலமானார். அந்த அரங்கின் மேடையில் பல வருடம் நடித்தவர், இங்மர் பெர்க்மன் என்ற சுவீடன் இயக்குநரின் படம் ஒன்றில் மருத்துவராகவும் வருவார். சுவீடன்காரர்களில் கொஞ்சம் வயதானவர்களிடம் அவர் பெயரைச் சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். மறைந்த அடுத்த வருடமே, 2002-ல், இந்தச் சிலையை வைத்தார்கள். செய்தவர் மாரி-லூயிஸ் எக்மன். ஓவியர், திரைப்பட இயக்குநர், இந்த ஊர் அரசு கலைக் கல்லூரியின் தலைவராகவும் இருந்தவர். பின்னாளில் 2009-லிருந்து 2014 வரை இதே டிராமாட்டெனையே தலைமை ஏற்று நடத்தினார். தான் செய்த சிலையைத் தாண்டித்தான் அவர் வேலைக்குப் போய் வந்திருக்க வேண்டும்!

இடம் ஏன் அந்த மூலை என்பதற்கும் காரணம் சொல்வார்கள். ஒத்திகைக்கு நடுவே அவர் வெளியே வந்து சிகரெட் பிடித்துக்கொண்டு நிற்கும் இடம் அதுதானாம். தனக்குச் சிலை என்று ஒன்று வைத்தால் அது சில்லென்று இருக்கக் கூடாது, தொட்டால் கதகதப்பாக இருக்க வேண்டும் என்று அவரே சொல்லியிருந்ததாகவும் ஒரு பேச்சு உண்டு. எப்படியோ, அப்படித்தான் செய்து வைத்திருக்கிறார்கள்.

அடுத்த முறை போகும்போது ஒரு நிமிடம் நின்று அரங்கின் முகப்பையும் பாருங்கள். 1908-ல் திறந்த கட்டடம், ஃப்ரெட்ரிக் லில்யெக்விஸ்ட் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தது. தங்கப் பூச்சுச் சிலைகள், நீளமான புடைப்புச் சிற்பங்கள் என்று அத்தனையும் தலைக்கு மேலே இருக்கும், அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். அவ்வளவு ஆடம்பரத்தையும் செய்துவிட்டு, கடைசியில் ஊர் ஜனங்கள் கட்டிப்பிடிப்பது என்னவோ கீழே நடைபாதையில் நிற்கும் இந்த ஒருவரைத்தான். நான் இந்த ஊருக்கு வந்த முதல் வருடம் யாரோடும் பேச்சு இல்லாமல் தனியாக இருந்தேன். வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் இறங்கி ஐந்து நிமிடம் அவர் பக்கத்தில் நின்றுவிட்டுப் போவேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, உங்கள் பதிவைப் படித்ததும் சொல்லத் தோன்றியது.

---

பட்டறைப் பையன்:

ஆபத்தா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகத் தொடலாம். 37 டிகிரியில் யாருக்கும் கை சுடாது. மற்ற இரும்பு, வெண்கலம் விஷயத்தில்தான் இங்கே குழந்தைகளிடம் கவனமாக இருக்க வேண்டும். மைனஸ் பத்தில் இருக்கும் கம்பியில் ஈரக் கையையோ நாக்கையோ வைத்தால் ஒட்டிக்கொள்ளும், இழுத்தால் தோல் உரியும். இதைப் பையனுக்கு இந்தக் குளிர்காலத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடுங்கள். எல்லாச் சிலையும் காய்ச்சல் பாட்டி மாதிரி இருக்கும் என்று நம்பிவிடப் போகிறான்.

நான் உலோக வேலையில் இருப்பதால் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். வெண்கலத்தில் சூடு வேகமாகக் கடத்தப்படும். குளிர்ந்த வெண்கலம் மரத்தைவிட, கல்லைவிட அதிகச் சில்லிப்பாகத் தெரிவதற்குக் காரணம் அதுதான், கையிலிருக்கும் சூட்டை அது சட்டென்று உறிஞ்சிக்கொள்கிறது. அதே குணம்தான் இங்கே திரும்பி நமக்கு நல்லது செய்கிறது. உள்ளேயிருந்து சூடாக்கினால் சூடு சிலையில் நன்றாகப் பரவும், தொட்டவுடனே அதே வேகத்தில் கைக்கும் வந்துவிடும். வெளியே குளிரில் நின்ற கையின் தோல் இருபது டிகிரிக்கும் கீழே போயிருக்கும். அதனால் 37 என்பது நம் கைக்கு இன்னும் அதிகமாகத் தெரியும். காய்ச்சல் மாதிரி தோன்றியதற்கு அதுதான் காரணம், பையன் சொன்னதில் தப்பே இல்லை.

அப்புறம், இந்த அளவு பெரிய வெண்கலச் சிலைகளைப் பொதுவாக உள்ளே கூடாகத்தான் வார்ப்பார்கள். உள்ளேயும் நிறைத்து வார்த்தால் எடையும் தாங்காது, ஆறும்போது விரிசலும் விடும். உள்ளே கூடாக இருந்தால்தான் மின்சாரத்தில் சூடேற்றும் ஏற்பாட்டை வைக்கவும் இடம் கிடைக்கும்.

என்னை அசத்துவது இந்த யோசனைதான். சிலை செய்கிறவர்கள் முகச்சாயலுக்குத்தான் உயிரைக் கொடுப்பார்கள், மூக்கு சரியாக வந்திருக்கிறதா, கண் அவருடையது மாதிரி இருக்கிறதா என்று. எக்மன் ஒரு மனுஷியின் சூட்டையே வார்த்து வைத்துவிட்டார். கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் அங்கே ஒருவர் நிற்கிறார் என்று தெரியும்.

---

ஊசியும் நூலும்:

தங்கச்சி, சின்னச் சிலை கேட்டீர்கள் அல்லவா, இந்த ஊரிலேயே சின்னதைச் சொல்கிறேன். நான் யாழ்ப்பாணத்தில் இருந்து இங்கு வந்து 27 வருடமாகிறது, எனக்கு இந்த நகரத்தில் ஆகப் பிடித்த இடம் அது.

பழைய நகரமான காம்லா ஸ்தானில், அரண்மனைக்கு எதிரே, பின்லாந்துக்காரரின் தேவாலயம் ஒன்று இருக்கிறது. அதன் பின்பக்கம் ஒரு சின்ன முற்றம். பொல்ஹுஸ்தெப்பான் என்று பெயர். தெரியாதவர்கள் வாசலைத் தாண்டிப் போய்விடுவார்கள், அவ்வளவு ஒதுக்கமான இடம். அங்கே ஒரு பையன் முழங்காலைக் கட்டிக்கொண்டு மேலே பார்த்தபடி குந்தியிருக்கிறான். இரும்பில் செய்த பையன். உயரம் எவ்வளவு தெரியுமா, 15 செ.மீ. என் உள்ளங்கையை நீட்டி வைத்தால் அவ்வளவுதான். யேர்ன்போய்கே என்பார்கள், இரும்புப் பையன் என்று அர்த்தம். செய்தவர் வைத்த பெயர் வேறு, நிலாவைப் பார்க்கும் பையன். லிஸ் எரிக்சன் என்ற சிற்பி 1954-ல் செய்தது, 1967-ல் அந்த முற்றத்தில் வைத்தார்கள்.

மேலே ஓடெங்கத்தான் தம்பி டிராமாட்டென் முகப்பில் நீளமான புடைப்புச் சிற்பம் என்று எழுதினார். அதைச் செய்தவர் கிறிஸ்டியன் எரிக்சன். அவருடைய மகன்தான் இந்த லிஸ் எரிக்சன்! தகப்பன் நாடக அரங்கின் நெற்றி முழுக்கச் செதுக்கினார், மகன் ஒரு சாண் உயரத்தில் ஒரு பையனைச் செய்து மூலையில் குந்த வைத்தார்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த முற்றத்தின் பெயரில் வரும் பொல்ஹுஸ் என்றால் பந்தாட்ட மண்டபம். பின்லாந்துத் தேவாலயமே 17ஆம் நூற்றாண்டில் பந்தாட்டத்துக்குக் கட்டிய மண்டபம்தான், 1725-ல்தான் தேவாலயமானது. பக்கத்தில் அதைவிடப் பெரிய மண்டபம் ஒன்று இருந்தது, அதைப் பின்னாளில் நாடகக் கொட்டகையாக மாற்றினார்கள். மூன்றாம் குஸ்தாவ் மன்னர் 1788-ல் டிராமாட்டென் நாடகக் குழுவைத் தொடங்கியபோது முதலில் நாடகம் போட்டது அந்தப் பெரிய மண்டபத்தில். 1793-ல் அதை இடித்துவிட்டார்கள். ஆக இந்த இரும்புப் பையனும் பழைய நாடகக் கொட்டகை வாசலில்தான் குந்தியிருக்கிறான் என்று நான் என் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்தேன். கொட்டகை போய்விட்டது, பெயர் மட்டும் நிற்கிறது.

உங்கள் மார்கரீத்தா அம்மா சூடாக இருக்கிறார், இவன் அப்படி இல்லை. சாதாரண இரும்பு, மாசியில் தொட்டால் விரல் விறைக்கும். அதனால் ஊர்ச் சனம் என்ன செய்கிறது என்றால், குளிர் தொடங்கியதும் அவனுக்குத் தொப்பி பின்னிக் கொண்டுபோய்ப் போடுகிறார்கள். சால்வை போர்த்துகிறார்கள். யார் போட்டது என்று யாருக்கும் தெரியாது, ஒரு நாள் சிவப்புத் தொப்பி இருக்கும், அடுத்த கிழமை போனால் நீலம். காலடியில் சில்லறை வைப்பார்கள், இனிப்பு வைப்பார்கள். தலையைத் தடவினால் நல்லது நடக்கும் என்று நம்பித் தடவித் தடவி அந்தச் சின்னத் தலை மினுங்கிப்போய் இருக்கிறது.

நானும் மூன்று தொப்பி பின்னிக் கொடுத்திருக்கிறேன். தேசிக்காய் (எலுமிச்சை) அளவுத் தலைக்குத் தொப்பி பின்னுவது லேசான வேலை இல்லை, மெல்லிய ஊசி வேண்டும், இருபது பின்னல் கண்ணுக்கு மேல் போட்டால் தொளதொளவென்று கழன்று விழும். என் அம்மா இங்கே வந்திருந்த வருடம் அவரும் ஒன்று பின்னினார். ஊரில் பிறந்த பிள்ளைக்குப் பின்னுகிற மாதிரியே காது மூடுகிற தொப்பி, தாடைக்குக் கீழே முடிச்சுப் போட நாடாவும் வைத்து. அம்மா அதை அவனுக்குக் கட்டிவிட்டு, நாடா இறுக்கமாக இருக்கிறதா என்று ஒரு விரலை உள்ளே விட்டுப் பார்த்தார். அம்மா இப்போது இல்லை. எனக்கு அந்த முற்றத்துக்குப் போனால் அந்த விரல்தான் ஞாபகம் வரும்.

---

கேள்விக்குறி:

எல்லோரும் பாராட்டும் இடத்தில் மாறாகப் பேசுவதற்கு மன்னிக்கவும், ஆனால் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். குளிர்காலம் முழுக்க ஒரு சிலையைச் சூடாக வைத்திருக்கும் அதே ஊரில் ராத்திரி தங்க இடமில்லாமல் மெட்ரோ வாசலில் போர்வையைச் சுற்றிக்கொண்டு படுக்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் அதிகாலை ஷிப்டுக்குப் போகிறவன், தினமும் பார்க்கிறேன். சிலைக்குக் கிடைக்கிற சூடு அவர்களுக்குக் கிடைக்கவில்லையே என்று ஒவ்வொரு முறை டிராமாட்டென் பக்கம் போகும்போதும் நெஞ்சு உறுத்துகிறது. குழந்தைகளுக்குச் சிலைகளைக் காட்டும்போது இதையும் காட்டுங்கள்.

அதற்கும் இந்த ஊரில் ஒரு சிலை இருக்கிறது. அரசு அலுவலகமான ரோசென்பாத் பக்கம் நடந்து போனால் தெருவோரத்தில் ஒரு நரி கந்தல் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும். லாரா ஃபோர்ட் என்ற பிரிட்டிஷ் சிற்பி செய்தது. தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ பிச்சை எடுக்கிறார்கள் என்றுதான் தோன்றும், நிறையப் பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள். கிட்டே போனால்தான் மூஞ்சி நரி என்று தெரியும். பிரதமர் அலுவலகத்துக்குப் போகிறவர்கள் கண்ணில் படுகிற இடம் அது. சரியான இடத்தில்தான் வைத்திருக்கிறார்கள்.

---

ஓடெங்கத்தான் வாசி:

கேள்விக்குறி, நீங்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. தெருவில் படுக்கிறவர்களுக்குச் செய்ய வேண்டியது ஏராளம், சிலையின் சூட்டை நிறுத்திவிட்டால் அது நடந்துவிடும் என்று மட்டும் எனக்குத் தோன்றவில்லை. நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். இரண்டு வருடம் முன்பு டிசம்பரில் ஒரு பெரியவர், கையில் இரண்டு பிளாஸ்டிக் பை, வீடு இல்லாதவர் என்று பார்த்தாலே தெரியும், அந்தச் சிலையின் மேல் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டிருந்தார். நாடகம் முடிந்து நல்ல நல்ல கோட்டுப் போட்ட கூட்டம் வெளியே வருகிறது. யாரும் அவரை நகரச் சொல்லவில்லை. ஒரு அம்மா மட்டும் போய் அவருக்குப் பக்கத்தில், சிலையின் மறுபக்கம் கையை வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை, நான் பஸ் ஏறும் வரை பேசிக்கொண்டிருந்தார்கள். கடை வாசலில் நின்றிருந்தால் அவரை அந்த நேரம் வரை நிற்க விட்டிருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

---

கேள்விக்குறி:

நல்லது. அதைக் கேட்க ஆறுதலாக இருக்கிறது. என் உறுத்தல் அப்படியேதான் இருக்கும், ஆனால் இனி அந்தப் பக்கம் போனால் நின்று பார்க்கிறேன்.

---

பனிக்காலத்து அம்மா:

இவ்வளவு விவரமாக எழுதுவீர்கள் என்று நினைக்கவே இல்லை, எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை மூன்று இடத்துக்கும் போய்விட்டு வந்தோம்.

முதலில் டிராமாட்டென். 37 டிகிரி என்றால் நம் எல்லோருக்கும் இருப்பதுதான், அவங்களுக்குக் காய்ச்சல் இல்லை என்று சொன்னேன். பையன் ஒரு கையைச் சிலை மேலும் இன்னொரு கையை என் கழுத்திலும் வைத்துப் பார்த்துவிட்டு "ஆமாம், நீயும் அதே சூடுதான்" என்று ஒத்துக்கொண்டான். பிறகு முகப்புச் சிற்பத்தை அண்ணாந்து பார்த்தோம், அந்த அப்பாவின் பையன் செய்ததைத்தான் அடுத்துப் பார்க்கப் போகிறோம் என்றதும் அவனுக்கு ஒரே குஷி. அங்கிருந்து நடந்தே போனோம். வழியில் அந்த நரியையும் காட்டினேன். "இவங்களுக்கு வீடு எங்க" என்று கேட்டான். வீடு இல்லை என்றேன். ஏன் என்றான். எனக்குத் தெரிந்த வரை உண்மையைச் சொன்னேன். கொஞ்ச தூரம் பேசாமலே வந்தான்.

அக்கா, நீங்கள் சொன்ன மாதிரியே முற்றத்தின் வாசலைத் தாண்டித்தான் போய்விட்டோம், திரும்பி வந்துதான் கண்டுபிடித்தோம். உள்ளே எங்களைத் தவிர யாரும் இல்லை. முந்தின நாள் பெய்த பனி அவன் தோள்மேல் அப்படியே இருந்தது. காலடியில் ஐந்தாறு நாணயமும் தாளில் சுற்றிய ஒரு மிட்டாயும். தலையில் தொப்பி எதுவும் இல்லை, காற்றில் போய்விட்டதோ என்னவோ. என் மகன் மண்டியிட்டு உட்கார்ந்து, முகத்துக்கு நேரே முகம் வைத்து ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு கோட்டுப் பையிலிருந்து அந்த ஒற்றை இடதுகைக் கையுறையை எடுத்தான். ஜோடி தொலைந்துபோயும் அதைத் தூக்கிப் போடாமல் பத்திரமாக வைத்திருந்திருக்கிறான், எனக்கே தெரியாது. கட்டைவிரல் மட்டும் தனியாக இருக்கும் கம்பளிக் கையுறை. தோளில் இருந்த பனியைத் தட்டிவிட்டு, அதைத் தலைவழியாக மாட்டினான். கழுத்து வரை மூடிவிட்டது. நிலாவைப் பார்க்க முடியாதே என்று மறுபடி கழற்றி, முகம் தெரிகிற மாதிரி மடித்துப் போட்டுவிட்டான். கட்டைவிரல் பக்கவாட்டில் கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது.

அக்கா, எனக்கு ஊசி பிடிக்கவே தெரியாது. எத்தனை நம்பர் ஊசி, எந்த நூல் என்று மட்டும் சொல்லுங்கள், வாங்கி வைக்கிறேன்.

---

ஊசியும் நூலும்:

இரண்டரை எண் ஊசி, நான்கு வாங்குங்கள், வட்டமாகப் பின்னுவதற்கு. நூல் கம்பளியாகவே இருக்கட்டும், பருத்தி ஈரத்தில் ஊறி உறைந்துவிடும். காது மூடி வைத்துப் பின்னலாம். சனிக்கிழமை இரண்டு மணிக்குப் பிறகு நான் ஓய்வு, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், அவனுக்கும் கண் போடப் பழக்கிவிடுகிறேன்.

நேற்று வேலை முடிந்து அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன். உங்கள் மகனின் கையுறை அப்படியே இருக்கிறது. கழுத்தைச் சுற்றி யாரோ ஒரு பச்சைத் துண்டு கட்டிவிட்டிருக்கிறார்கள்.